தாளாளர் வீட்டு டு-லெட் பலகை

தாளாளரின் மேஜை மேல் ஒரு டு-லெட் பலகை கிடந்தது.

வெள்ளை அடித்த ஹார்டுபோர்டு. மேல் மூலைகளில் இரண்டு ஓட்டை, ஓட்டையில் துருப்பிடித்த கம்பி. கம்பி நுனியில் கேட்டின் பச்சை பெயிண்ட் கொஞ்சம் பெயர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நீல எழுத்தில் 'மாடி வாடகைக்கு. சைவக் குடும்பம் மட்டும்' என்று எழுதி, கீழே சின்னதாக 'புரோக்கர்கள் வேண்டாம்' என்றும் போட்டிருந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் தாளாளர், இந்தப் பக்கம் நான். நடுவில் ஒன்பதாம் வகுப்பு பூர்ணிமா, ரெட்டைப் பின்னலும் நிமிர்ந்த தலையுமாக நின்றுகொண்டிருந்தாள். பலகையை கேட்டிலிருந்து கழற்றி எடுத்து வந்தவள் அவள்தான். பலகைக்குச் சொந்தக்காரர் தாளாளர். பூர்ணிமா அவருடைய மகன் வழிப் பேத்தி. திருட்டு என்று சொல்ல அவருக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

"என்னம்மா இது?" என்று என்னிடம் கேட்டார்.

பூர்ணிமா முந்திக்கொண்டாள். "ஹிஸ்டரி ப்ராஜெக்ட் தாத்தா. ஸ்பெசிமன்."

"அதானே பார்த்தேன். ஒரு வாரமா மாடியைக் கேட்டு ஒருத்தரும் வரலையேன்னு யோசிச்சிண்டிருந்தேன்" என்றார் தாளாளர். அவர் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. எங்களுக்கெல்லாம் பயமே அதனால்தான்.

மயிலாப்பூரில் நான் சரித்திரம் சொல்லிக்கொடுத்த அந்தப் பள்ளியின் பெயரைக் கேட்டு வாசகர்கள் இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். பெருந்தன்மை எல்லாம் ஒன்றும் கிடையாது. அங்கே படித்தவர்களில் பாதிப் பேர் இப்போது வக்கீல்கள்.

ஒழிந்த பிறகு தொடங்கும் பாடம்

வம்பு எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் முதன்முதலாக ஓட்டுப் போட வளைந்து வளைந்து வரிசையில் நின்றதை டிவி செய்தியில் காட்டினார்கள். பள்ளி திறந்ததும் ஒரு குழந்தை எழுந்து, "அவங்க இத்தனை நாள் ஏன் ஓட்டுப் போடல மிஸ்?" என்று கேட்டது.

பதிலுக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். எங்கள் பாடப் புத்தகத்தில் கறுப்பின மக்கள் வருவது இரண்டே இடத்தில். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசியில் ஒரு வரி இருக்கும், அடிமை முறை ஒழிக்கப்பட்டது என்று. அது எங்கே தொடங்கியது, யார் யாரைப் பிடித்தார்கள், யார் விற்றார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை அடிமை முறை ஒழிந்துபோன பிறகுதான் ஆரம்பமாகும்.

இன்னொரு இடம் தென்னாப்பிரிக்கா. அங்கே ஒரு ரயில் வரும், அதிலிருந்து நம்மவர் ஒருவரைப் பிடித்துத் தள்ளுவார்கள். அந்த மண்ணின் சொந்தக்காரர்கள் அப்போது எந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று புத்தகம் கேட்காது. நாங்களும் கேட்டதில்லை.

ஒரு பீரியடில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். அண்ணா சாலையில் ஒரு வெளிநாட்டு நூலகம் இருந்தது. அங்கே ஏசி இலவசம். அதற்காகப் போக ஆரம்பித்துப் புத்தகங்களில் மாட்டிக்கொண்டேன். ஒரு பீரியட் ஒரு மாதமானது. பரீட்சைக்கு வராத பாடத்தை இவ்வளவு நாள் நடத்திய முட்டாள் எங்கள் பள்ளியில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் வந்ததாகத் தெரியவில்லை.

அடிமைக் கப்பலின் அடித்தளத்தில் ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று வகுப்புத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். கோட்டுக்குள் பிள்ளைகளைப் படுக்க வைத்தேன். மறுநாள் ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். "வெள்ளை யூனிஃபார்ம் மிஸ். முதுகு பூரா சாக்பீஸ். துவைக்கிறது யாரு, நீங்களா?" என்றார். அத்தனை நூறு வருஷத்துக் கொடுமையில் அவருக்கு உறைத்தது அது ஒன்றுதான்.

விடை எழுதவும் ஒரு விதி வைத்தேன். நடந்தது என்ன என்று மட்டும் எழுதினால் ஒரு மார்க். யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று தைரியமாகப் பெயர் சொல்லி எழுதினால் இரண்டு மார்க். மார்க் என்றால் எங்கள் பிள்ளைகள் எதையும் செய்வார்கள். அதை நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

காற்று பிடுங்கப்படும்

அமெரிக்காவில் குழாயடியிலும் பஸ்ஸிலும் ஹோட்டல் வாசலிலும் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று பலகை மாட்டிவைத்திருந்த காலத்தைப் பற்றிச் சொன்னபோது பிள்ளைகள் உச்சுக்கொட்டினார்கள். சுகமான உச்சு. யாரோ, எங்கேயோ, பாவம் என்கிற உச்சு. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

"நம்ம தெருவுல இந்த மாதிரி 'நீ வராதே'ன்னு சொல்ற பலகை இருக்கான்னு பார்த்துட்டு வாங்க. அதான் இந்த மாச ப்ராஜெக்ட்" என்றேன்.

எழுதிக்கொண்டு வந்தார்கள். 'நாய்கள் ஜாக்கிரதை.' 'நோட்டீஸ் ஒட்டாதே.' 'கேட் எதிரில் வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்.' இந்தக் கடைசிப் பலகை மட்டும் பதினாறு வந்தது. காற்றுப் பிடுங்குவதில் மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று தெரிந்துகொண்டோம். நடுநடுவே டு-லெட் பலகைகளும் இருந்தன. சைவம் மட்டும், சிறு குடும்பம் மட்டும், இன்ன சாதியார் மட்டும். அவற்றைப் படித்தபோது வகுப்பில் யாரும் உச்சுக்கொட்டவில்லை.

பூர்ணிமா மட்டும் எழுதி வரவில்லை. எங்கள் பள்ளிகளில் ப்ராஜெக்ட் என்றால் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி எதையாவது கொண்டுவர வேண்டும். எரிமலை என்றால் தெர்மாகோல் எரிமலை, இலை என்றால் நிஜ இலை. பலகை என்றால் பலகைதானே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அப்படித்தான் அது தாளாளர் மேஜைக்கு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "பலகையெல்லாம் எதுக்கும்மா? ஆப்பிரிக்காக்காரா யாரையாவது கூட்டிண்டு வாயேன். அவா வாயாலேயே சொல்லட்டும். குழந்தைகளுக்கும் மனசுல பதியும். ஃபோட்டோ எடுத்து ஆண்டு மலர்லயும் போடலாம்."

கண்டிப்பதற்குப் பதிலாகப் பெரிய மனசு பண்ணிவிட்டார். அவரைப் பிடிக்காதவர்கள்கூட அவருடைய நாகரிகத்தைக் குறை சொன்னதில்லை. பலகையை மட்டும் தன் பக்கம் நகர்த்தி, இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

ஐ.எஸ்.டி. பூத்தில் கிடைத்த ஆள்

ஆப்பிரிக்கர் ஒருவரை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

என் தம்பி அப்போது மஸ்கட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் லஸ் முனையில் ஒரு ஐ.எஸ்.டி. பூத்தில் வரிசையில் நின்று அவனிடம் பேசுவேன். கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஃபேன், அது சுற்றாது. தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும். அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே பாசமாகப் பேசுவது ஒரு தனிக் கலை.

ஒருநாள் எனக்கு முன்னால் நெட்டையாக ஒரு கறுப்பு இளைஞர் கூண்டுக்குள் நின்றார். திடீரென்று கதவைத் திறந்து பூத்காரரிடம், "இன்னா நைனா, மீட்டர் இந்த ஓட்டம் ஓடுது? நான் இன்னும் ஹலோவே சொல்லல" என்றார்.

"ஆப்பிரிக்கான்னா அப்டித்தான் ஓடும். தூரம் கீதுல்ல" என்றார் பூத்காரர்.

அவர்தான் ஒமாரி. தான்சானியாவிலிருந்து எம்.காம். படிக்க வந்தவர். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் அறை. தமிழைக் கற்றது மேன்ஷன் வாட்ச்மேனிடமும் எதிர் டீக்கடையிலும். வாரா வாரம் அங்கே பார்த்துப் பார்த்துப் பழக்கமானோம். பள்ளியில் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே அவரும் மிஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அவர் பேசுவது ஊரில் இருக்கும் மனைவி நீமாவிடம். கல்யாணமாகி மூன்று மாதத்தில் இங்கே கிளம்பி வந்துவிட்டார். குழந்தை பிறந்த சேதியையும் அந்தக் கூண்டில் நின்றுதான் கேட்டார். அந்த மழைக்காலத்தில் நீமா குழந்தையோடு வருவதாக ஏற்பாடு. மேன்ஷனில் பெண்களை வாசல்படி தாண்ட விட மாட்டார்கள். ஒமாரிக்கு வேண்டியது ஒரு அறையும் ஒரு அடுப்படியும், படிப்பு முடியும்வரை.

"கொழந்தைக்குப் பல்லு வந்துருச்சாம் மிஸ். நான் இன்னும் மூஞ்சியே பாக்கல" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குத் தம்பியிடம் சரியாகப் பேச முடியவில்லை.

சிங்கம் பார்த்த இடம்

பள்ளி தடபுடலாகத் தயாரானது. டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் ஒரு சிங்கம், ஒரு ஈட்டி, ஒரு குடிசை வரைந்துவைத்தார். உடற்பயிற்சி ஆசிரியர் எங்கிருந்தோ ஒரு டிரம் கொண்டுவந்தார். விருந்தினர் ஆசைப்பட்டால் வாசிக்கட்டும் என்றார்.

ஒமாரி முழுக்கை வெள்ளைச் சட்டை, நீல டை, கத்தி மாதிரி மடிப்பு வைத்த பேண்ட்டோடு வந்து இறங்கினார். பார்க்க மருந்துக் கம்பெனி ரெப் மாதிரி இருந்தார். டிரம் மெதுவாக வெளியே போயிற்று.

"அங்கிள், நீங்க சிங்கம் பார்த்திருக்கீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

"பாத்துக்கீறேன். வண்டலூர்ல."

வகுப்பு சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாளாளர் சிரிக்கவில்லை. அவருக்கு விருந்தினரின் நிறத்தைவிட அவருடைய தமிழ் அதிக அதிர்ச்சி.

"எங்க ஊரு பாகமோயோ. கடலோரம். நொச்சிக்குப்பம் மாறியே மீன் வாசன அடிக்கும்" என்று ஆரம்பித்தார் ஒமாரி. உள்நாட்டிலிருந்து ஜனங்களைப் பிடித்து, கழுத்தில் கவட்டைக் கட்டை மாட்டி, மாதக்கணக்கில் நடக்கவிட்டுத் தன் ஊருக்குத்தான் கொண்டுவருவார்கள் என்றார். அங்கிருந்து தோணியில் தீவுச் சந்தைக்கு அனுப்புவார்களாம். தன் பள்ளியில் இதை அவருக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை. "எங்க வாத்தியாரும் இங்கிலாந்து ராஜாவைத்தான் நெட்டுரு போட வெச்சாரு" என்றார். பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் அவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

பூர்ணிமா எழுந்தாள். "யார் பிடிச்சா அங்கிள்?"

"எங்காளுங்களே புடிச்சுக் குடுத்தாங்க. அரபுக்காரங்க வாங்கினாங்க. அவங்களுக்கு வட்டிக்குத் துட்டு குடுத்தது உங்காளுங்க."

"எங்காளுங்கன்னா?"

"இந்தியாக்காரங்க. கடை கண்ணி, கடனு, கணக்கு, எல்லாம் அவங்க கையிலதான் இருந்துச்சு. வெள்ளைக்காரன் ஊர்ல மட்டுந்தான் இது நடந்துச்சுன்னு நெனச்சிகினு இருக்காதீங்க."

"குஜராத் பக்கத்து வியாபாரிகளா இருக்கும். மெட்ராஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்றார் தாளாளர் கடைசி பெஞ்சிலிருந்து. குரலில் நிம்மதி தெரிந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கும்பினி காலத்துல இந்தக் கடற்கரையிலேர்ந்தும் ஆள் வாங்கிக் கப்பல்ல ஏத்தியிருக்காங்க சார்" என்றேன்.

"அது வெள்ளைக்காரன் பண்ணினதும்மா."

"வித்தது யார் தாத்தா?" என்றாள் பூர்ணிமா. மணி அடித்தது. அந்த மணியை அன்றைக்கு நாங்கள் எல்லோருமே வரவேற்றோம். கறுப்பின வரலாற்றில் வில்லன் வெள்ளையாக இருக்கிற வரையில் மயிலாப்பூருக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

தாளாளர் முன்னால் வந்து பொன்னாடை போர்த்தினார். ஃபோட்டோ எடுத்தார்கள். ஒமாரி ஜரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொழந்தைக்குப் போத்தலாம். நல்லா மெத்துன்னு கீது" என்றார். எந்தக் குழந்தை, எப்போது வருகிறது, எங்கே தங்கும் என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். வீடு தேடுகிறேன் என்றார்.

"எங்காத்து மாடி காலியாத்தான் இருக்கு. இல்லையா தாத்தா?" என்றாள் பூர்ணிமா.

தாளாளர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "பேஷா வந்து பாருங்கோ. கொஞ்சம் பெயிண்ட் வேலை பாக்கியிருக்கு. ஆகட்டும், சொல்லி அனுப்பறேன்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். நான்தான் பலமாகத் தட்டியிருப்பேன்.

மோட்டார் ரிப்பேர்

பெயிண்ட் வேலை நடந்துகொண்டே இருந்தது. அதற்குள் நீமா வந்துவிட்டாள். தி. நகரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார் ஒமாரி. மாதக் கடைசி வரைதான் இருக்கலாம், அதற்கு மேல் முகூர்த்த சீசன் என்று லாட்ஜ்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டார். அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் நீமா திரும்பிப் போக வேண்டியதுதான்.

வீடு தேட நானும் கிளம்பினேன். ஃபோனில் பேசுவது நான். "டீச்சரா, வாங்க வாங்க" என்பார்கள். போய் நின்றதும் அந்த வீட்டில் தண்ணீர் வற்றிவிடும். ஆழ்வார்பேட்டையில் லாரித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவைதான் என்றார்கள். அடையாறில் கிணறு உப்பு. சென்னையில் நிறத்துக்காக யாருக்கும் யாரும் வீடு மறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எல்லாம் தண்ணீருக்காகத்தான்.

நானே வாடகை வீட்டில்தான் இருந்தேன். பின்கட்டு அறை காலியாக இருந்ததால் எங்கள் ஹவுஸ் ஓனரம்மாவிடம் கேட்டேன். "நமக்கு ஒண்ணும் இல்லம்மா. வயசுப் பொண்ணு இருக்கு, வரன் பாக்கறோம். வர்றவங்க ஒரு மாதிரி நெனச்சுட்டா?" என்றார். மனைவியோடும் கைக்குழந்தையோடும் வருகிறவரைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். அடுத்த மாதம் எனக்கே வாடகை ஏறியது.

கோட்டூர்புரத்தில் என் அக்காவுக்கு ஒரு சின்ன ஃபிளாட் உண்டு. தென்னாப்பிரிக்கா ஓட்டு வரிசையை டிவியில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள் அவள். நம்பிக்கையோடு போனேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. மோட்டார் ரிப்பேர், மேல தண்ணி ஏறாது. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டுப் பாவம் அந்தப் பொண்ணு எப்படிச் சமாளிக்கும்?" என்றாள். மறுத்ததும் அவள்தான், பாவம் பார்த்ததும் அவள்தான். அக்காவோடு நான் ஆறு மாதம் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இதற்கு நடுவில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலைவிட்டு இறங்கும்போதும் நீமா தன் கணவரிடம் அவர்கள் பாஷையில் கடுகடுவென்று ஏதோ சொல்வாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். நாளாக நாளாக அவள் முன்னால் தனியாக நடக்க ஆரம்பித்தாள்.

பனகல் பார்க் ஓரமாக ஒருநாள் அவளே என்னிடம் ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தாள். "இவர் இப்படி இருந்ததே இல்லை. மெட்ராஸ் வந்து மகாராஜா ஆகிவிட்டார். ஒரு வீடு காற்றோட்டம் இல்லை என்கிறார், ஒரு வீட்டில் சமையலறை சின்னது என்கிறார். எனக்கு ஒரு மூலை போதும். எல்லோரும் எவ்வளவு அன்பாகக் காபி கொடுக்கிறார்கள், இவர் எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறார்."

நான் ஒமாரியைப் பார்த்தேன். அவர் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்வது போலக் குனிந்து, தமிழில் மெதுவாகச் சொன்னார். "சொல்லிடாதீங்க மிஸ். அவங்கம்மா போவாதன்னு அழுதாங்க, அத்தயும் மீறி வந்துகீறா. இந்த ஊர்ல நம்மள யாரும் வேணாம்னு சொல்ட்டாங்கன்னு தெரிய வேணாம். நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்."

தரையில் சாக்பீஸ் கோடு போட்டு உண்மையைச் சொல்லிக்கொடுத்தவள் நான். பனகல் பார்க் ஓரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தேன்.

பூப்போட்ட தம்ளர்

வீடு கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் நீமாவும் குழந்தையும் விமானம் ஏறிவிட்டார்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம் தாளாளர் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

பூர்ணிமா தினமும் தாத்தாவை நச்சரித்துக் கடைசியில் பெயிண்ட் வேலையை முடிக்க வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் போனோம். கேட்டில் பலகை மறுபடி தொங்கியது. உள்ளே சாம்பிராணிப் புகையும் புது டிஸ்டெம்பர் வாசனையும் கலந்து அடித்தன.

"வாங்கோ, வாங்கோ. உக்காருங்கோ" என்று தாளாளர் எழுந்து நின்று வரவேற்றார். தான்சானியாவின் தலைநகரம், மழை, காபிச் சாகுபடி எல்லாம் விசாரித்தார். மாமி காபி கொண்டுவந்தார். எனக்கு எவர்சில்வர் டபரா. அவர்கள் இரண்டு பேருக்கும் பூப்போட்ட கண்ணாடித் தம்ளர். நீமா அந்தத் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இவர்களிடம் இருப்பதிலேயே நல்லதை எங்களுக்கென்று எடுத்திருக்கிறார்கள்" என்று என் காதில் சொன்னாள்.

அந்தத் தம்ளர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நவராத்திரிக்குப் போனபோது எனக்கும் அதில்தான் கொடுத்தார்கள். எவர்சில்வருக்குப் பதவி உயர்வு கிடைக்க நாலைந்து நவராத்திரி ஆயிற்று.

மாடியைப் பார்த்தோம். நல்ல மாடி. தென்னை ஓலை ஜன்னலைத் தொட்டது, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. நீமா அடுப்படியில் நின்று எங்கே எதை வைக்கலாம் என்று கையாலேயே அளந்து பார்த்தாள். கீழே வந்தபோது தாளாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே சங்கடம் என்றுதான் நினைக்கிறேன்.

"ஒரு தர்மசங்கடம். பம்பாய்லேர்ந்து என் மருமான் நேத்திக்குத்தான் ஃபோன் பண்ணினான். மாத்தலாகி வரானாம். சொந்தக்காராளை வேண்டாம்னு சொல்ல முடியுமோ? தப்பா எடுத்துக்கப்படாது" என்று தமிழிலேயே ஒமாரியிடம் சொன்னார்.

"பரவால்ல சார்" என்றார் ஒமாரி. கை குவித்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவள் முகம் இறுகியது.

கேட்டுக்கு வெளியே பூர்ணிமா எங்களுக்கு முன்னாலேயே போய் நின்றிருந்தாள். நாங்கள் போனதிலிருந்து குழந்தை அவள் இடுப்பில்தான் இருந்தது. நீமா குழந்தைக்காகக் கொண்டுவந்திருந்த பைகளையெல்லாம் கணவரின் தோளில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டு, எல்லோரும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள். "படி செங்குத்தாக இருக்கிறதாம், குழந்தைக்கு ஆகாதாம். இந்த மாதிரி வீட்டையும் வேண்டாம் என்கிறவரை என்ன செய்வது? நான் போகிறேன். டிக்கெட் எடுத்துவிடட்டும்."

நான் எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். படி செங்குத்து என்று நானும் ஒத்து ஊதப் போகிறேனா, உள்ளதைச் சொல்லப் போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

பூர்ணிமாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தெளிவான பள்ளிக்கூட ஆங்கிலத்தில், பரீட்சைக்கு விடை சொல்கிற மாதிரி முழு முழு வாக்கியமாகச் சொன்னாள். "அங்கிள் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆண்ட்டி. என் தாத்தாதான் வேண்டாம் என்றார். நீங்கள் கறுப்பாக இருக்கிறீர்கள், அதனால்தான். பம்பாயிலிருந்து யாரும் வரவில்லை. உள்ளே பாட்டியிடம் சொன்னதை நான் கேட்டேன்."

ஒமாரி கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்படிச் சொல்ல உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டாள் நீமா.

"எங்கள் ஹிஸ்டரி மிஸ்" என்று பூர்ணிமா பெருமையாக என்னைக் காட்டினாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நீமா என்னைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குழந்தையை வாங்கிக்கொள்ளக்கூடக் கையை நீட்டாமல், பூர்ணிமாவின் கன்னத்தில் கையை வைத்தாள்.

"நல்லதும்மா. இத்தனை நாளாக நான் தப்பான ஆள் மேல் கோபமாக இருந்தேன்" என்றாள்.

அப்புறம் ஒமாரியின் தோளிலிருந்து பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.